மண்புழுக்கள் வெளியேறிய வாரம்

விடியற்காலை ஐந்தரை மணிக்கு, லுங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிய நாற்பத்திரண்டு வயது ஆள் ஒருவன் கொல்லைச் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சுவரில் ஏறிக்கொண்டிருந்த மண்புழுக்களைப் பார்த்து, "இறங்குங்கப்பா, தயவு செஞ்சி இறங்குங்க" என்று கெஞ்சியதை என் மனைவி பார்த்திருக்கிறாள். அந்த ஆள் நான்தான். அவள் அப்போது ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பின்கதவில் நின்று கொண்டையில் ஊசி குத்தியபடி பார்த்தாள்.

"இன்னா கூட்டம்?" என்றாள்.

"வெளிய வருதும்மா. எல்லாம் வெளிய வருது."

"எங்க போவுதாம்?"

"தெரியலையே!"

"கேட்டு வைங்க. எனக்கும் ஒரு வழி தெரிஞ்ச மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்தப் புழுக்களை நம்பித்தான் எங்கள் வீட்டில் ஒரு பந்தயம் நடந்துகொண்டிருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி அது. எனக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் ஸ்டோர் சூப்பர்வைசர் வேலை. சுண்ணாம்பு, உப்பு, ஆசிட், சாயம் எல்லாம் என் பொறுப்பில்தான் வரும், போகும். மனைவிக்கு வேலூரில் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. நாங்கள் இருவர் மட்டும்தான் வீட்டில். ஊர் ஓரமாக, பாலாற்றைப் பார்த்த பக்கம், சின்னதாக ஒரு சொந்த வீடு. அங்கிருந்து அவள் தினமும் காலையில் ரயிலேறிக் காட்பாடி போய், அங்கிருந்து பஸ் பிடித்து, எட்டு மணிக்கு வார்டில் நிற்க வேண்டும். சாயங்காலம் அதே பஸ், அதே ரயில், பின்னோக்கி. பதினொரு வருடமாக இதே கதை. ரயில் லேட்டானால் ஆஸ்பத்திரியில் பேச்சு கேட்பாள். திரும்பும்போது லேட்டானால் வீட்டில் என் முகத்தைப் பார்ப்பாள். சோறு ஆக்காமல் உட்கார்ந்திருக்கும் முகம் அது.

அந்த வருடம் ஆடி மாதத்தில் ஒருநாள், வந்தவள் புடவைகூட மாற்றாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ்ல ஒரு வீடு காலியாவப் போவுதாம். எழுதிக் குடுக்கட்டுமா?" என்றாள்.

எனக்கு எதற்கெடுத்தாலும் முதலில் வேலை செய்வது வாய்தான். மூளை அடுத்த பஸ்ஸில் வரும்.

"சொந்த வீட்டை விட்டுட்டா? நம்ம மண்ணும்மா இது" என்றேன்.

"மண்ணா?" என்று சிரித்தாள். "இந்த மண்ணுல இன்னா கீது? ஒரு கறிவேப்பிலை கன்னு வெச்சா ஒரு வாரம் நிக்குதா?"

அவள் சொன்னது பொய்யில்லை. எங்கள் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் டேனரித் தண்ணீர் இறங்கி உப்பாகிப் போனவை. குளித்தால் சோப்பு நுரைக்காது. துணி துவைத்தால் வெளுப்பதற்குப் பதில் பழுக்கும். கொல்லையில் ஒரு வேப்பமரம் மட்டும் என்னைப் போலவே வேறு போக்கிடம் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் நல்ல தண்ணீர் வரும். அதைக் குடத்தில் பிடித்து வைப்போம்.

"முளைக்க வெச்சிக் காட்டினா?" என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. வாய் அதுவாகப் பேசிவிட்டது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "கிறிஸ்துமஸுக்குள்ள இந்த மண்ணுல விளைஞ்ச கீரை, ஒரு வேளைக்கு, ஒரே ஒரு சட்டி. கடைஞ்சி என் தட்டுல போடுங்க. அப்புறம் குவார்ட்டர்ஸுன்னு வாயத் திறக்க மாட்டேன். போடலன்னா எழுதிக் குடுப்பேன். நீங்க மூச்சு விடக் கூடாது."

"சரி" என்றேன் வீரமாக.

சொந்த வீடு, சொந்த மண் என்று நான் பேசியதற்குப் பின்னால் இருந்த உண்மையை இப்போது சொல்லிவிடலாம். வீட்டிலிருந்து டேனரிக்கு எனக்குச் சைக்கிளில் ஏழு நிமிடம். மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, பத்து நிமிடம் கண்ணயர்ந்துவிட்டுத் திரும்பிப் போகலாம். வேலூருக்குக் குடி போனால் அந்த ரயிலில் நான் ஏற வேண்டும். மண் பற்றெல்லாம் அந்தப் பத்து நிமிடத் தூக்கத்துக்குப் போட்ட சட்டை.

மண்புழு யோசனை அவளுடையதுதான். எதிர்க்கட்சிக்கு ஆயுதம் கொடுக்கிறோமே என்று யோசிக்காத பெண்பிள்ளை அவள். அவளுடைய வார்டில் ஒரு அம்மா காலில் அறுவை முடிந்து படுத்திருந்தார். கூட இருந்து பார்த்துக்கொண்ட வீட்டுக்காரர் கணியம்பாடிப் பக்கம் விவசாயி. கொல்லைப் பாத்திகளிலேயே மண்புழு விட்டு உரம் எடுப்பவராம். இவள் எங்கள் மண்ணின் கதையைச் சொன்னதும், "கெட்ட மண்ணுன்னு ஒண்ணு கிடையாதும்மா, பட்டினி கிடக்கற மண்ணுதான் உண்டு. நான் புழு தர்றேன்" என்றாராம். அந்த அம்மா வீட்டுக்குப் போன வாரத்தில் ஒரு பிளாஸ்டிக் பக்கெட் நிறைய மக்கிய சாணியும் புழுவுமாகக் கொண்டுவந்து வார்டு வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அந்த பக்கெட்டை அவள் பஸ்ஸிலும் ரயிலிலும் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பெண்கள் பெட்டியில் எல்லோரும் ஏதோ பலகாரம் என்று நினைத்துத் திறந்து காட்டச் சொன்னார்களாம். திறந்து காட்டியிருக்கிறாள். அதன்பிறகு காட்பாடியிலிருந்து ஆம்பூர்வரை காலை நீட்டிக்கொண்டு வந்தேன் என்றாள். "பதினோரு வருஷத்துல இன்னிக்குத்தான் ஜன்னல் சீட்டு கிடைச்சுது."

வேப்பமர நிழலில் எட்டடி நீளம், மூன்றடி அகலத்துக்குச் செங்கல் அடுக்கிப் பாத்தி கட்டினேன். அடியில் காய்ந்த இலை. அதன்மேல் பால்காரர் வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய சாணி, சூடு ஆறியது. அதற்குமேல் காய்கறித் தோலும் முட்டை ஓடும். புழுக்களைக் கவிழ்த்துவிட்டுத் தென்னை ஓலையால் மூடினேன். பக்கத்திலேயே கீரைக்கென்று இன்னொரு பாத்தி வெறுமையாகக் காத்துக் கிடந்தது. கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது என்பது என் சட்டம். தெருக்குழாயிலிருந்து சைக்கிளின் இரண்டு பக்கமும் குடம் தொங்கவிட்டுக் கொண்டுவந்து, அடியில் ஓட்டை போட்ட பால் டப்பாவில் மொண்டு தெளித்தேன். எங்களுக்குக் குடிக்க இருந்த தண்ணீரில் பாதியைப் புழுக்கள் குடித்தன. நான் அந்த நாட்களில் டீயைக் குறைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் ராஜவாழ்க்கை. ஓலையை விலக்கிப் பார்த்தால் சிவப்புச் சிவப்பாக நெளியும். மேலே டீத்தூள் போல உரம் திரண்டு வந்தது. நான் டேனரியில் எல்லோரிடமும் புழுக்களின் உடல்நிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். உப்புக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் பாய் என்னோடு பதினைந்து வருடம் வேலை செய்தவர். அவர் மட்டும்தான் முகம் சுளிக்காமல் கேட்பார்.

புரட்டாசி பிறந்ததும் வெயில் பிளந்தது. ஓலை காய்ந்து சருகாகி, பாத்தியில் ஈரம் நிற்கவில்லை. மனைவி கணியம்பாடிக்காரரைக் கேட்டுக்கொண்டு வந்தாள். மருந்து கட்ட வந்த அம்மாவோடு வந்திருந்தாராம். "ஓலைய எடுத்துட்டு ஈர கோணிச் சாக்கு போட்டு மூடுங்க, காலைல ஒருக்கா சாயங்காலம் ஒருக்கா நனைங்கன்னாரு."

சாக்குக்கு நான் எங்கே போவேன்? எங்கள் ஊரில் சாக்கைக் கடையில் வாங்கியவன் உண்டா? டேனரியில் வேலை செய்பவன் வீடு என்றால் வாசலில் கால் துடைக்க ஒரு சாக்கு, குளியலறை முன்னால் ஒரு சாக்கு, கோழிக்கூண்டு மேலே ஒரு சாக்கு. எல்லாம் டேனரி உபயம். பாயிடம் கேட்டேன்.

"எத்தினி வேணும் சார்?"

"பெரிய சாக்கா நாலு குடுங்க பாய். புழுவுக்குப் போர்வை."

"புழுவுக்கா? ஜாஸ்தியாவே எடுத்துக்கோ" என்று ஆறு எடுத்துக் கொடுத்தார். அவருடைய கிடங்கில் இருப்பது என்ன சாக்கு? உப்பில் பதம் போட்டு வரும் ஆட்டுத்தோலைப் பிரித்துத் தட்டும்போது கொட்டுகிற உப்பை அள்ளிக் கட்டி வைக்கும் சாக்கு. அதை எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. அந்த உப்புக்கு நான்தான் சூப்பர்வைசர்.

நான் கவனமான ஆள். சாக்கை உதறினேன். இரண்டு தடவை உதறினேன். பாத்தியின்மேல் இழுத்துப் போர்த்தி, நாலு பக்கமும் கல் வைத்து, தெருக்குழாயின் அருமையான நல்ல தண்ணீரைக் காலையும் மாலையும் அதன்மேல் ஊற்றினேன். ஊறட்டும் என்று நின்று நிதானமாக ஊற்றினேன்.

மூன்றாம் நாள் விடிந்ததும்தான் அந்தச் சுவர் ஊர்வலம்.

நான் அன்று வேலைக்கு முக்கால் மணி நேரம் லேட். கைக்கு அகப்பட்டதையெல்லாம் கரண்டியால் வழித்து, ஈர நியூஸ்பேப்பர் விரித்த பக்கெட்டில் போட்டுக் குளியலறையில் வைத்தேன். சுவரின்மேல் இருந்தவை கொஞ்சம் காய்ந்தே போயிருந்தன. பாத்தியின் உள்ளே கையை விட்டால் சில கொழகொழவென்று வந்தன. எனக்கு ஒன்று மட்டும் புரிந்தது: கிறிஸ்துமஸ் போச்சு, வீடு போச்சு, ரயில் வந்துகொண்டிருக்கிறது.

சாக்கை மட்டும் நான் சந்தேகப்படவில்லை. வெயில் என்று நினைத்து மேலே ஒரு பழைய போர்வையைப் பந்தல் போட்டேன். எறும்பு என்று நினைத்துச் செங்கலைச் சுற்றி மஞ்சள்தூளால் கோடு கிழித்தேன். அது பார்ப்பதற்கு ஏதோ பில்லிசூனியம் போல இருந்ததால், எங்கள் சர்ச் சபையில் எவராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று பயந்து நானே அழித்தேன். கிணற்றுத் தண்ணீர்தான் பூமிக்கு அடியிலேயே ஊர்ந்து வந்து பாத்தியில் ஏறுகிறது என்று ஒரு மத்தியானம் முழுக்க நம்பினேன். ஒவ்வொரு புதுச் சந்தேகத்துக்கும் மருந்து ஒன்றுதான்: இன்னும் இரண்டு குடம் நல்ல தண்ணீர், சாக்கின்மேல்.

குளியலறை பக்கெட்டைப் பற்றி மனைவியிடம் சொல்ல மறந்திருந்தேன். சாயங்காலம் குளிக்கப் போனவள் கதவைத் திறந்துகொண்டு திரும்பி வந்தாள்.

"உள்ள எத்தினி பேர அட்மிட் பண்ணிக்கீறீங்க?"

"அவசரத்துக்கு வெச்சேன்."

"சீக்கிரம் டிஸ்சார்ஜ் பண்ணுங்க. எனக்கு முதுகு ஒடியுது, ஒரு சொம்பு தண்ணி ஊத்திட்டுப் படுக்கணும்."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். களைப்புதான் இருந்தது. பக்கெட்டை நான் சமையலறைக்கு மாற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் செய்ததுதான் உச்சம். எங்கள் சபையில் ஜெபக்குறிப்பு எழுதிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. துண்டுச் சீட்டில் பெயர் இல்லாமல் எழுதிப் பெட்டியில் போட்டால் ஆராதனையில் வாசித்து எல்லோரும் ஜெபிப்பார்கள். புழு என்று எழுத வெட்கமாக இருந்தது. "என் வீட்டை விட்டு வெளியேறுகிறவர்கள் மனம் மாறித் தங்கும்படிக்கு" என்று எழுதிப் போட்டேன். என் கையெழுத்து ஊருக்கே தெரியும், ஒவ்வொரு வருடமும் சபை விழா அறிவிப்புப் பலகை எழுதுகிறவனே நான்தான். எங்கள் போதகர் ஐயர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மெதுவாக வாசித்தார்.

ஆராதனை முடிந்ததும் நாலைந்து பெண்கள் என் மனைவியைச் சூழ்ந்துகொண்டு கையைப் பிடித்துத் தடவிக் கொடுத்தார்கள். ஒரு அம்மா, "ஆம்பளைங்க அப்படித்தான் இருப்பாங்க, நாமதான் பொறுத்துப் போவணும்" என்றுகூடச் சொல்லியிருக்கிறார்.

தெருவில் நடந்து வரும்போது அவள் வாய் திறந்தாள். "நான் எங்க வெளியேறிட்டேன்? தினமும் ரயிலேறி ரயிலேறி இங்கதானே வந்து விழறேன்?"

"புழுவுக்காகத்தாம்மா எழுதினேன்."

"புழுவுக்கு ஜெபக்குறிப்பு."

"ஆமா."

"எனக்காக ஒண்ணு என்னிக்காவது எழுதினீங்களா?"

நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தேன். அந்தத் தெருவில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுக் கணியம்பாடிக்குக் கிளம்பினேன். அவள் பக்கெட்டைச் சுமந்து வந்த பாதையில் நான் எதிர்ப்பக்கமாகப் போனேன், ஒரே ஒரு நாள். ஒரு பாட்டிலில் பாத்தி மண், ஒரு டப்பாவில் உயிருள்ள புழு பத்து, இன்னொரு டப்பாவில் செத்த புழு. ஆஸ்பத்திரிக்காரியின் புருஷன் இல்லையா, சாம்பிளோடுதான் போவேன். டப்பாக்கள் சூடேறாமல் இருக்க, மூடியிருந்த சாக்கிலிருந்தே ஒரு துண்டு வெட்டி நனைத்துச் சுற்றி எடுத்துப் போனேன்.

கணியம்பாடிக்காரர் வரப்பில் நின்று கடலைச் செடி பார்த்துக்கொண்டிருந்தார். நான் பதற்றத்தில் வணக்கம்கூடச் சொல்லாமல் வெயில், எறும்பு, கிணறு, பூமிக்கு அடியில் ஊர்ந்து வரும் தண்ணீர் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் கேட்டுக்கொண்டே பொட்டலத்தைப் பிரித்தார். டப்பாவைத் திறக்கவில்லை. சாக்குத் துண்டைத் தடவியவர், விரலைப் பார்த்தார். முகர்ந்தார். பிறகு நுனிநாக்கில் வைத்தார்.

காறித் துப்பினார்.

"இன்னா சார் இது, ஊறுகாயா போட்டுக் கீறே?"

"என்னது?"

"உப்பு சார், உப்பு! எங்க புடிச்ச இந்தச் சாக்க?"

எனக்கு வரப்பே சுற்றியது. "டேனரியில..." என்றேன்.

"மேல உப்பு சாக்கு, அதும்மேல தண்ணி. சொட்டுச் சொட்டா உள்ள இறங்கினா அதுங்க இன்னா பண்ணும்? தோல் எரியும், ஓடும். நீ இன்னா வேலை பாக்கறே சார்?"

"ஸ்டோர்ல..."

"இன்னா ஸ்டோரு?"

சொன்னேன். அவர் சிரிக்கக்கூடாது என்று எவ்வளவோ முயற்சி செய்தார், பாவம். கடைசியில் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த உப்பு அதற்கு முன்னால் எத்தனை ஆட்டுத்தோலின்மேல் படுத்திருந்தது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. நாக்கில் வைத்துப் பார்த்த மனிதரிடம் எப்படிச் சொல்வது?

நான் கிளம்பும்போது இன்னொரு பக்கெட் புழு கொடுத்தார். "கிணறு கெட்டதுன்னு தெருத்தண்ணி தூக்கிக் கீறே. அத நினைச்சாத்தான் பாவமா கீது" என்றார். அதுதான் என்னையும் குத்தியது. கிணற்று உப்பைத் தவிர்ப்பதற்காக எங்கள் குடிதண்ணீரைச் சைக்கிளில் தள்ளிக்கொண்டு வந்து, நானே உப்பில் வடிகட்டி ஊற்றியிருக்கிறேன். பயம் அதிகமாக அதிகமாக, ஊற்றியதும் அதிகம்.

மனைவியிடம் மறைத்துவிடலாம் என்று ரயிலில் முடிவு செய்திருந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. "இருவது வருஷமா உப்பு மூட்டைக்கு நடுவுல நிக்கறீங்க. மூக்கு எதுக்கு, கண்ணாடி மாட்டவா?" மறுநாள் டேனரியில் பாயும் தலையில் கை வைத்துக்கொண்டார். "அரே, போர்வைன்னுதானே சார் கேட்டே? பாத்தியில தண்ணி ஊத்துவேன்னு சொன்னியா? எனக்கே பேஜாரா கீது."

அந்த வாரம் ஞாயிற்றுக்கு மேல் அவளுக்கு அதிசயமாகக் கிடைத்த லீவு நாள் வியாழன். அன்று காலை நான் எழுந்து பார்த்தபோது கையில் ஆஸ்பத்திரி ரப்பர் கையுறையோடு பாத்தியருகே உட்கார்ந்து, பழைய சாணியைப் பிடிபிடியாக எடுத்து ஒரு முறத்தில் போட்டுப் பிரித்துக்கொண்டிருந்தாள். "இது போயிடுச்சி. இது பிழைக்கும். இது... கொஞ்சம் பாக்கலாம்." உயிரோடிருந்தவற்றை உப்புப் படாத வேறு சாணியில் விட்டாள்.

"நீ எதுக்கும்மா இத செய்யறே? இதுங்க செத்தா உனக்குத்தானே நல்லது?" என்றேன்.

"கண்ணு முன்னாடி துடிக்குது. விட்டுட்டுப் போவ முடியுதா?" என்றாள். முகத்தில் வழிந்த வியர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டு அடுத்த பிடியை எடுத்தாள்.

அவ்வளவு நேரம் அவள் அருகில் சும்மா உட்கார்ந்திருந்தது எனக்குப் புதுசு. அவளுடைய குதிகால் வெடிப்புகளை அன்றைக்குத்தான் பகல் வெளிச்சத்தில் பார்த்தேன்.

புதுப் பாத்தியை வேப்பிலையாலும் புது ஓலையாலும் மூடினோம். சாக்கின் நிழலைக்கூட அண்டவிடவில்லை. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஆகாசத்துத் தண்ணீரில் உப்பு இல்லை, நானும் அதில் எதையும் சேர்க்க வழியில்லை. பாத்தி தானே குளிர்ந்தது. கார்த்திகை முதல் வாரத்தில் உரம் நாலு விரல் உயரத்துக்குத் திரண்டிருந்தது. சல்லடையில் சலித்து, பக்கத்துப் பாத்தியின் வெளுத்த மண்ணோடு கலந்து சிறுகீரை விதை தூவினேன். நாலாம் நாள் முளைத்தது. நான் தினமும் காலையில் டார்ச் அடித்து எண்ணினேன். ஒரு வெட்டுக்கிளியைத் துரத்திக்கொண்டு முள்வேலியில் விழுந்து முழங்கை கிழிந்தது. அதற்கும் அவளே மருந்து போட்டாள்.

கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு சாயங்காலம், கைநிறையக் கீரை பறித்தேன். நானே ஆய்ந்து, நானே கழுவி, பூண்டும் பச்சை மிளகாயும் போட்டு வேக வைத்து மத்தால் கடைந்தேன். சரியாக ஒரு சட்டி. அன்று ரயில் ஒரு மணி நேரம் லேட். அவள் வந்து கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்ததும் தட்டில் சோறு போட்டு நடுவில் கீரையை ஊற்றினேன்.

பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாய்.

"நல்லா இருக்குது" என்றாள். "ஜெயிச்சிட்டீங்க. இனிமே கேக்க மாட்டேன்."

அவள் முகத்தில் ஏமாற்றம் தேடினேன். கிண்டல் தேடினேன். ஒன்றும் இல்லை. மூன்றாவது கவளத்தை உருட்டிய கை தட்டின் விளிம்பில் அப்படியே நின்றது. பார்த்தால், உட்கார்ந்தபடியே கண் மூடியிருந்தாள். தலை மெல்ல மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு போனது.

பந்தயத்தில் ஜெயித்தவன் செய்ய வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. அவளைத் தோளில் தொட்டேன்.

"ஏம்மா, ஒண்ணு சொல்லணும். இந்த வீடு, மண்ணு, அதெல்லாம் ஒண்ணும் இல்ல. எனக்கு டேனரிக்கு ஏழு நிமிஷம். அதான் விஷயம்."

கண் திறக்காமலே சொன்னாள். "தெரியும்."

"தெரியுமா? எப்பலேர்ந்து?"

"பதினோரு வருஷமா."

"பின்ன ஏன் பந்தயம் கட்டினே?"

"நீங்களே ஒருநாள் சொல்லுவீங்கன்னு பார்த்தேன். சொல்லல. சரி, கீரையாவது கிடைக்கட்டும்னு விட்டுட்டேன்."

"குவார்ட்டர்ஸுக்கு எழுதிக் குடு" என்றேன்.

இப்போது கண்ணைத் திறந்தாள். "பந்தயம் பந்தயம்தான். நான் தோத்துட்டேன்."

"நான் ரயில்ல போய் வர்றேன்."

"நீங்களா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சுவத்துல புழு ஏறினதுக்கு சபையக் கூட்டினவரு. காட்பாடியில ரயிலு லேட்டுன்னு அறிவிச்சா இன்னா பண்ணுவீங்க?"

"அழுவேன்" என்றேன். "அழுதுட்டு வருவேன்."

அவள் சிரித்தாள், ஆனால் நம்பவில்லை. மறுநாள் காலை நானே அவளோடு ரயிலேறி, ஆஸ்பத்திரி ஆபீஸ் ஜன்னலில் அவள் அந்த விண்ணப்பத்தைக் கொடுத்த பிறகுதான் திரும்பி வந்தேன். வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தேன். ஆம்பூரில் இறங்கியதும் பிளாட்பார பெஞ்சில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் நடந்தேன்.

தை மாதம் வீடு மாறினோம். பாத்தியை பாய் எடுத்துக்கொண்டார். சாக்கைக் கண்ணில் காட்டமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் செய்து கொடுத்தார்.

முதல் திங்கட்கிழமை காலையில் நான் கிளம்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். வார்டுக்கு இனி பத்து நிமிட நடை. காட்பாடியில் ரயில் நாற்பது நிமிடம் லேட் என்றார்கள். நான் அழவில்லை. மூன்று பேரிடம் அது நிஜமா என்று கேட்டேன், ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்கு இரண்டு தடவை போனேன், என் வேலை போய்விட்டது என்று முடிவு கட்டினேன், ஒரு டீ குடித்தேன். டேனரி வாசலில் பாய், "வா தோஸ்த், குட் ஆஃப்டர்நூன்" என்றார். மணி ஒன்பதே கால்தான் ஆகியிருந்தது.

சாயங்காலம் குவார்ட்டர்ஸ் படி ஏறும்போது எட்டு அடித்துவிட்டது. அவள் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. தலை வாரவில்லை. என்னைப் பார்த்ததும் அவசரமாக எழுந்தாள்.

"ஆறு மணிக்கே வந்துட்டேங்க" என்றாள், ஏதோ தப்பு செய்துவிட்டவள் போல. "ரெண்டு மணி நேரமா சும்மாவே உக்காந்துட்டேன். ரோட்டப் பாத்துக்கினு. இன்னா பண்றதுன்னே தெரியல."

"உக்காரு" என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு, நானும் அந்த ஜன்னல் பக்கமாகவே தரையில் உட்கார்ந்தேன். பசித்தது. எழுந்து உலை வைக்க இருவரில் ஒருவர் போயிருக்கலாம். கொஞ்ச நேரம் யாரும் போகவில்லை.